விட்டுப்போன பதினொரு நொடி

ஓய்வுபெற்ற ஊழியர் சங்கத்தின் ஆண்டு மலருக்கு நாலு பக்கம் எழுதித் தரச் சொல்லியிருக்கிறார்கள். நாலு பக்கம் என்றால் எத்தனை சொல் என்று செயலாளரைக் கேட்டேன். "அதெல்லாம் இன்னாத்துக்கு சார் எண்ணிக்கினு? மனசுல வர்றத எழுதுங்க" என்று சிரித்தார். மனதில் வருவதை எண்ணாமல் எழுதி எனக்குப் பழக்கமில்லை. சென்ற ஆண்டு மலரை எடுத்து ஒரு முழுப் பக்கத்தை எண்ணினேன். அறுநூற்றுப் பதினெட்டு சொல் வந்தது. அப்படியானால் சுமார் இரண்டாயிரத்து ஐந்நூறு சொல்லுக்குள் முடித்தாக வேண்டும். இங்கேயே ஐம்பது போய்விட்டது.

எழுத ஒப்புக்கொண்டதற்குக் காரணம் ஒரு முக்காலி. சென்ற மாதம் எங்கள் கோலார் தங்கவயலில், ஆண்டர்சன்பேட்டை கடைத்தெருவில் ஒரு பொதுக்கூட்டம். மருந்து வாங்கப் போனவன் நின்று பார்த்தேன். மேடைக்கு முன்னால், நான் முப்பத்து மூன்று ஆண்டு உட்கார்ந்த இடத்தில், ஒரு முக்காலி நின்றது. அதன்மேல் ஒரு வீடியோ கேமரா. அதற்குக் காவலாக நின்ற கான்ஸ்டபிள் டீ குடித்துக்கொண்டிருந்தார். கேமரா மேடையையே பார்த்துக்கொண்டிருந்தது. அதன் முதுகுப் பக்கம் உட்கார்ந்திருந்த நானூற்றுச் சொச்சம் பேரை அது ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. வீட்டுக்கு வந்து மனைவியிடம் குறைபட்டேன். "உங்களுக்கு அந்த மேசை போச்சேன்னு கீது. அத்த சொல்லுங்க. கேமராவ ஏன் திட்றீங்க?" என்றாள். மருந்து வாங்க மறந்து வந்திருந்தேன்.

என்னை அறியாதவர்களுக்கு: நான் காவல் துறையில் தமிழ்ச் சுருக்கெழுத்தாளனாக இருந்தவன். மாநிலத்தின் மொழி கன்னடம். தங்கவயலின் மேடைகளில் முழங்குவது தமிழ். எங்கள் மேலதிகாரிகளில் பலருக்குத் தமிழ் தெரியாது. ஆகவே மேடையில் பேசப்படுவதை ஒரு சொல் விடாமல் எடுத்து, ஆங்கிலத்தில் தட்டச்சு செய்து, கடைசியில் 'பேச்சின் தன்மை' என்ற கட்டத்தில் என் கருத்தையும் எழுதிக் கொடுக்க வேண்டும். அந்தக் கட்டம் மூன்று அங்குல அகலம், ஒன்றரை அங்குல உயரம். ஒரு மனிதர் தேர்தல் முடியும்வரை வெளியே இருப்பதா உள்ளே இருப்பதா என்பது சில சமயம் அந்தக் கட்டத்துக்குள் நான் எழுதும் பத்துச் சொல்லைப் பொறுத்திருந்தது.

படித்துத் தேறிய கதை சிறியது. அப்பா சுரங்கத்தில் டிம்பர்மேன்; குடைந்த இடம் சரியாமல் மரம் கொடுத்து நிறுத்தும் வேலை. நானும் பள்ளியிறுதி முடித்துப் பதினான்கு மாதம் கீழே போனேன். ஷிப்டுக்கு எத்தனை பேர் இறங்கினார்கள், எத்தனை பேர் ஏறினார்கள் என்று எண்ணும் வேலை. எண்ணும் வியாதி அங்கே பிடித்ததுதான். ஆட்களைக் கொண்டுபோகும் இரும்புக் கூண்டைக் கேஜ் என்போம். அதில் இறங்கியதும் ஏறியதுமாக நான் போனது எழுநூற்று இருபத்தெட்டு முறை. கேஜில் போனவன் உடம்பில் ஒரு பழக்கம் தங்கிவிடும். அதற்குப் பின்னால் வருகிறேன். அப்பாவின் இருமலைக் கேட்டுக் கேட்டு அம்மா என்னை வேலையிலிருந்து நிறுத்திவிட்டாள். தட்டச்சுப் பயிலகத்தில் மாலை வகுப்பு, இரண்டு தேர்வு, ஒரு நேர்முகம். அவ்வளவுதான்.

மேடைக்கு ஆறடி தள்ளி எனக்கு ஒரு சின்ன மேசை போடுவார்கள். இரு முனையும் சீவிய பென்சில் ஆறு கொண்டுபோவேன். ஊருக்கு நான் 'பென்சில் சார்'. கட்சி வேறுபாடில்லாமல் எல்லாப் பேச்சாளர்களும் என்னைச் சீண்டுவார்கள். "பென்சில் சார், எழுதிக்கினீங்களா? இல்ல இன்னொரு தபா சொல்லட்டா?" என்று ஒருவர் கேட்பார். கூட்டம் சிரிக்கும். அதையும் எழுதி, பக்கத்தில் 'சிரிப்பு' என்று நானே போட வேண்டும். தலையை மட்டும் நிமிர்த்தக் கூடாது. சிரிக்கவும் கூடாது. கை தட்டுவது பற்றிய பேச்சே இல்லை.

கூட்டத்தை எண்ணச் சைக்கிளை எண்ணுவேன். தங்கவயலில் சைக்கிள் ஒன்றுக்கு ஆள் இரண்டரை. பெண்கள் பக்கத்தைத் தலை தலையாக எண்ண வேண்டும். கைத்தட்டலுக்கு என்னிடம் மூன்று குறிகள் இருந்தன. சொல்லிவைத்துத் தட்டும் கை முன்வரிசையில் தொடங்கிப் பின்னால் போகும். தானாக வரும் கை, ஓரத்தில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நிற்பவர்களிடம் தொடங்கி உள்ளே வரும். பெண்கள் தட்ட மாட்டார்கள், இடுப்பில் பிள்ளை இருக்கும். நாக்கால் 'ச்சு' கொட்டுவார்கள். அதற்கும் ஒரு குறி வைத்திருந்தேன். பேச்சாளர்களுக்கு இது தெரியாது: பெண்கள் பக்கத்தில் எழும் ஒரு 'ச்சு', முன்வரிசையின் பத்துக் கைத்தட்டலைவிட ஓட்டுப் பெட்டிக்கு அருகில் இருக்கிறது.

இவ்வளவும் நானாகக் கற்றுக்கொண்டது. பேச்சை எடை போடக் கற்றது இன்ஸ்பெக்டர் தேசாயிடம்.

தேசாய் தார்வாடு பக்கத்துக்காரர். தொண்ணூறுகளின் நடுவில் எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். என்னைவிடப் பதினொரு வயது இளையவர். ஒல்லி, உயரம், வெந்நீர் மட்டும் குடிப்பார். மேசையில் எஃகு அளவுகோல் ஒன்று இருக்கும். நான் தட்டச்சு செய்த பேச்சைக் கொண்டுபோனால் "ஓதி, மேஷ்ட்ரே" என்பார். கன்னடத்தில் 'ஓதி' என்றால் படியுங்கள். வாத்தியாரைக் கூப்பிடும் 'மேஷ்ட்ரே'யை எனக்கு ஏன் சூட்டினார் என்று தெரியாது. அதை நான் மறுக்கவும் இல்லை. நான் படிக்கப் படிக்கத் தம் பிரதியில் ஒவ்வொரு வரியின் கீழும் அளவுகோலை நகர்த்துவார். சந்தேகம் வந்தால் அளவுகோலால் மேசையை ஒரு தட்டு. நான் நிறுத்தி மூலத் தமிழைச் சொல்ல வேண்டும். பொருளைக் கேட்பார். திட்டமாட்டார். அந்தத் தட்டு, திட்டைவிட மோசமானது.

அவர் கேட்கும் கேள்வி ஒன்றே ஒன்று: "கிரியாபத எல்லி?" வினைச்சொல் எங்கே?

முதல் மாதம் நான் ஒரு பேச்சை 'வன்முறையைத் தூண்டுவது' என்று எழுதியிருந்தேன். பேச்சாளர் வயிறு எரிகிறது, ரத்தம் கொதிக்கிறது, நெஞ்சு வெடிக்கிறது என்று இருபத்து மூன்று இடத்தில் சொல்லியிருந்தார்.

"எரிகிறது, கொதிக்கிறது, வெடிக்கிறது. எல்லாம் அவர் உடம்புக்குள்ளேயே நடக்கிறது. கேட்பவர்களை என்ன செய்யச் சொன்னார்?" என்று தேசாய் கேட்டார்.

தேடினேன். "ஓட்டுப் போடச் சொன்னார், சார்."

"அதற்குத்தானே மேஷ்ட்ரே தேர்தல்?"

யாரை, எப்போது, என்ன செய்யச் சொன்னார். இந்த மூன்றும் ஒரே இடத்தில் கூடினால் தவிர அந்தக் கட்டத்தில் கடுமையான சொல் எழுதக் கூடாது என்பது அவர் விதி. தமிழில் இது எளிதல்ல. தமிழ் வாக்கியத்தில் வினை கடைசியில் வருகிறது. கெட்டிக்காரப் பேச்சாளர் அதை விழுங்கிவிடுவார். "இந்தத் துரோகிகளை..." என்று குரலை உயர்த்தி நிறுத்திக்கொள்வார். மிச்சத்தைக் கூட்டம் சொல்லும். அப்போது வினை யாருடையது? தேசாய் அளவுகோலைக் கீழே வைத்தார். "கூட்டம் என்ன சொல்லி முடித்தது, எத்தனை பேர் என்று எழுதுங்கள்" என்றார். அதன்பிறகு நான் அதையும் எண்ணினேன். அந்த ஏட்டில் ஒரு பதிவு எனக்கு நன்றாக நினைவிருக்கிறது: 'தோற்கடிப்போம், சுமார் முந்நூறு பேர். செருப்பால் அடிப்போம், ஓரத்தில் ஆறு பேர். டீ குடிப்போம், ஒருவர், சிரிப்பு.' தேசாய் அதைப் படிக்கச் சொல்லி இரண்டு தடவை கேட்டார்.

ஒருமுறை வெளியூரிலிருந்து ஒரு பெரிய பேச்சாளர் வந்தார். நிமிடத்துக்கு நூற்று அறுபத்தெட்டு சொல். ஐம்பத்திரண்டு நிமிடத்தில் 'தாய்' நாற்பத்தொரு தடவை. முதல் நாள் தங்கவயலின் கோரமண்டல் பகுதியில் 'தொட்டில்' என்ற சொல்லில் அவர் குரல் உடைந்தது. தோள் துண்டை எடுத்துக் கண்ணைத் துடைத்தார். ஏழு நொடி மௌனம். பெண்கள் பக்கம் முழுக்க 'ச்சு'. நானும் நம்பினேன். மறுநாள் ஆண்டர்சன்பேட்டையில் அதே சொல், அதே துண்டு, அதே ஏழு நொடி. இரண்டு பக்கங்களையும் தேசாய் முன்னால் வைத்தேன், கையும் களவுமாகப் பிடித்துவிட்டவன்போல.

"கண்ணீர் பொய் என்று எழுதப் போகிறீர்களா?"

"ரெண்டு நாளும் ஏழே நொடி, சார்."

"நீங்கள் ஞாயிறுதோறும் சர்ச்சில் ஒரே ஜெபத்தைச் சொல்கிறீர்கள். அது பொய்யா?"

தேசாய் இரண்டு பக்கங்களையும் என் பக்கமே நகர்த்தினார். "கண்ணீரை எண்ணுங்கள், மேஷ்ட்ரே. அது உண்மையா என்று சொல்வது நம் வேலை இல்லை. கிரியாபத எல்லி?"

இப்படி ஐந்து வருடம். என் வேலைக்காலத்தில் நான் மிகவும் ஏங்குவது எதற்கு என்று கேட்டால், மேடைகளுக்கு அடுத்தபடி இதற்குத்தான். காலை பத்து மணி, ஜன்னல் வெளிச்சம், 'ஓதி' என்ற குரல், ஒரு முழு மனிதன் ஒரு சொல்லுக்காகக் காத்திருப்பது.

இனி அந்தோணி.

அந்தோணி சுரங்கத்தில் பெல்மேன். சுரங்க வாயில் நின்று கேஜுக்கு மணியடிப்பவர். அந்த மணிதான் தூரத்தில் எஞ்சினை ஓட்டுபவருக்குக் கட்டளை. மூன்று அடித்தால் ஆள் ஏறுகிறது. இரண்டு அடித்தால் இறக்கு. இருபத்தேழு வருடம் அவர் மணியில் மூன்று தலைமுறை ஆட்கள் கீழே போய் வந்தார்கள். சுரங்கத்தை மூடப்போகிறார்கள் என்ற பேச்சு பலமாக இருந்த அந்தத் தேர்தலில் அவர் சுயேச்சையாக நின்றார். எனக்கு ஓய்வுக்கு இன்னும் பதினெட்டு மாதம்.

கூட்டம் ஊரிகத்தில், பந்து மைதானத்தில், மாலை நாலரைக்கு. பகல் ஷிப்டு முடித்தவர்கள் பூட்ஸோடும் தலைக்கவசத்தோடும் நேரே வந்திருந்தார்கள். சைக்கிள் எண்ணூற்று நாற்பது. ஆகவே இரண்டாயிரத்து நூறு பேர். அந்தோணிக்குப் பேச வராது. நிமிடத்துக்கு அறுபத்திரண்டு சொல். அதில் எட்டுக்கு ஒன்று 'வந்து'. என் கைக்கு ஓய்வு கிடைத்தது. கைத்தட்டல் இல்லை, சிரிப்பும் இல்லை. பன்னிரண்டாவது நிமிடத்தில் அவர் நிறுத்தினார்.

"வந்து... எனக்கு பேச வராதுங்க. உங்களுக்கே தெரியும். எனக்கு இன்னா வரும்னும் உங்களுக்குத் தெரியும்" என்றார்.

விரல் முட்டியால் மைக்கில் தட்டினார். டொக், டொக், டொக். சற்று இடைவெளி. டொக், டொக்.

நாலு புனல் ஒலிபெருக்கியிலும் அது மைதானம் முழுக்கக் கேட்டது. இரண்டாயிரத்து நூறு பேரின் வலது கையும் தலைக்கு மேலே போனது.

கேஜில் தலைக்கு மேலே ஒரு கம்பி ஓடும். மூன்றும் இரண்டும் அடித்ததும் அதைப் பிடித்துக்கொள்ள வேண்டும். பிடித்த மறுகணம் தரை காலை விட்டுப் போகும், வயிறு மேலே வரும், காது அடைக்கும், கண் தானாக மூடிக்கொள்ளும். அந்த இரண்டைக் கேட்டுக் கையைத் தூக்காமல் இருக்கச் சுரங்கத்து ஆளால் முடியாது. மைதானத்தில் கம்பி இல்லை. கைகள் வெறும் காற்றைப் பிடித்துக்கொண்டு நின்றன. நான் பார்த்தது அவ்வளவுதான். ஏனென்றால் அதற்குள் என் கண்ணும் மூடியிருந்தது. என் வலது கையும், பென்சிலோடு, மேலே போயிருந்தது.

கண்ணைத் திறந்தபோது கைகள் ஒவ்வொன்றாக இறங்கிக்கொண்டிருந்தன. வெட்கப்பட்டவர்கள்போல யாரும் யாரையும் பார்க்கவில்லை. அந்தோணியின் வாய் எதையோ சொல்லி முடித்ததுபோல இருந்தது. "அவ்ளோதான். வணக்கம்" என்று இறங்கிவிட்டார். யாரும் கை தட்டவில்லை. பெண்கள் பக்கம் 'ச்சு' கூட இல்லை.

நான் நிமிடத்துக்கு ஒரு புள்ளி வைத்து எழுதுபவன். அந்த நிமிடத்தில் தட்டல் போக அந்தோணியின் வேகப்படி பதினொரு சொல் குறைந்தது. பதினொரு நொடி என் ஏட்டில் இல்லை. முப்பத்து மூன்று வருடத்தில் முதல் தடவை.

காலையில் தட்டச்சு இயந்திரத்தின் முன்னால் உட்கார்ந்தேன். அரசு ஊழியன் தேர்தல் கூட்டத்தில், வேட்பாளர் மேடையின் முன்னால், சீருடையில்லாத பணியில் இருக்கும்போது கையைத் தூக்கினான். இதை எந்தச் சொல்லில் எழுதினாலும் வேலை போகும் என்று தோன்றியது. தட்டியதை 'மைக்கைச் சரிபார்த்தார்' என்று எழுதினேன். இடைவெளியில் 'நீண்ட கரவொலி' என்று அடித்தேன். அடைப்புக்குறியையும் போட்டேன். மூன்று நொடி வேலை.

பதினொரு மணிக்குத் தேசாய் கூப்பிட்டார். மேசையில் என் அறிக்கை. பக்கத்தில், மைதானத்தின் ஓரத்தில் நின்ற கான்ஸ்டபிளின் அறிக்கை. அவர் வட கர்நாடகத்திலிருந்து புதிதாக வந்தவர். கண்டதைக் கண்டபடி எழுதியிருந்தார்: 'பேச்சாளர் ரகசிய சைகை கொடுத்தார். இரண்டாயிரம் பேர் ஒரே நேரத்தில் முஷ்டியை உயர்த்தினார்கள். முன்பே பேசிவைத்தது. யாரும் கை தட்டவில்லை.' எதிர் நாற்காலியில் அந்தோணி உட்கார்ந்திருந்தார். ஜன்னலுக்கு வெளியே அவரைக் கொண்டுபோக வண்டி தயாராக நின்றது.

மொழிபெயர்க்க நான்.

தேசாய் கன்னடத்தில் கேட்பதை நான் தமிழில் கேட்டேன். "அஞ்சு தட்டு தட்டினீங்களே, அதுக்கு இன்னா அர்த்தம்னு கேக்கறாரு."

"பெல்லு சார். மூணு அடிச்சா ஆளு. ரெண்டு அடிச்சா எறக்கு. சாருக்குத் தெரியாதா? ஊருக்கே தெரியுமே."

சொன்னேன். தேசாயின் அளவுகோல் மேசையைத் தட்டியது. "இறக்கு. அப்படியானால் கிரியாபதம் இருக்கிறது" என்றார்.

ஐந்து வருடமாக நான் கற்ற பாடம் அந்த மனிதரைக் கட்டிக்கொண்டு போகப் பார்த்தது. "யாரை இறக்கச் சொன்னார், கேளுங்கள். ஆட்சியையா? கம்பெனி அதிகாரிகளையா?"

கேட்டேன். அந்தோணிக்கு முதலில் கேள்வியே விளங்கவில்லை. பிறகு சிரிப்பு வந்தது. "யாரையா? எங்களத்தான் சார். கம்பெனி மூடிடாதீங்க, நாளைக்கும் எங்கள கீழ எறக்குங்கன்னு கேக்கறோம். வேற இன்னா கேப்போம்?"

அதைக் கன்னடத்தில் சொல்ல எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. தேசாய் அளவுகோலை என் அறிக்கையின் மேல், அந்த வரியின் கீழே வைத்தார். "இது வெறும் பழக்கம் என்றால், மேஷ்ட்ரே, நீங்கள் ஏன் மைக்கைச் சரிபார்த்தார் என்றும் கரவொலி என்றும் எழுதினீர்கள்? மறைக்க என்ன இருக்கிறது? பேசிவைத்த சைகை என்று கான்ஸ்டபிள் சொல்வதை உங்கள் அறிக்கையே உறுதிப்படுத்துகிறது."

தங்கவயலில் கன்னடம் தெரியாதவர் யார்? அந்தோணிக்கு முழுக்கப் புரிந்தது. என்னைப் பார்த்தார். ஆறடி தூரத்தில் என் கையை அவர் பார்க்காமல் இருந்திருக்க வழியில்லை. "இவரும்தான் தூக்கினாரு" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அதைக் கன்னடத்தில் நானே சொல்ல வேண்டியிருந்திருக்கும். அவர் சொன்னது இது:

"சாருக்குப் பென்சில் மொனை ஒடிஞ்சிருக்கும். மாத்தறதுக்குள்ள வுட்டுப் போயிருக்கும். அப்டின்னு சொல்லிடுங்க சார்."

உள்ளே போகவிருந்தவர், எனக்கு ஒரு பொய்யைக் கையில் எடுத்துக் கொடுத்தார். நான் மொழிபெயர்க்க வேண்டும். தேசாய் காத்திருந்தார்.

"நானும் கையைத் தூக்கினேன், சார்" என்றேன்.

தேசாய் கண்ணாடியைக் கழற்றினார்.

"எந்தக் கை?"

"வலது."

"பென்சில்?"

"கையிலதான் இருந்தது."

"எத்தனை நொடி?"

"பின்னால் கணக்குப் போட்டுப் பார்த்தேன். பதினொன்று. அப்போது எண்ணவில்லை."

"நீங்கள் எண்ணவில்லை" என்று அவர் மெதுவாகத் திருப்பிச் சொன்னார். அந்தோணியின் பக்கம் திரும்பி, தமக்குத் தெரிந்த நாலைந்து தமிழ்ச் சொல்லில் ஒன்றைச் சொன்னார்: "போங்க."

சர்க்கார் ஆளின் கையே தானாகப் போயிருந்தால் அதில் சதி ஏது? அந்தோணி அன்று மாலையே கோரமண்டலில் பேசினார். தேர்தலில் தோற்றுவிட்டார். அது வேறு கதை.

நான் இரண்டு வரிகளையும் அடித்துத் திருத்தி, நடந்ததை எழுதி, ஓரத்தில் கையெழுத்திட்டேன். மறுநாள் உத்தரவு வந்தது: இனி நகல் பிரிவு; கூட்டங்களுக்குப் போக வேண்டியதில்லை. தேசாயே கொண்டுவந்து கொடுத்தார். மேலிடத்துக்கு அவர் என்ன எழுதி வேலையைக் காப்பாற்றினார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. "உங்கள் கை கேட்க ஆரம்பித்துவிட்டது, மேஷ்ட்ரே. கேட்கிற கையால் எழுத முடியாது" என்றார்.

பதினெட்டு மாதம் நகல் பிரிவில் இருந்தேன். சாயங்காலங்களில் மைதானத்துப் பக்கமிருந்து ஒலிபெருக்கி கேட்கும். சொல் புரியாது, குரல் மட்டும் வரும். பேசுகிறவர் யார், கோபமா கெஞ்சலா என்று கண்டுபிடிப்பேன். இப்போது நிறுத்துவார், இப்போது கை வரும் என்று நினைப்பேன், வரும். சில நாள் விரல் மேசையின்மேல் தானாகச் சுருக்கெழுத்து எழுதிக்கொண்டிருக்கும். பக்கத்து மேசைக்காரர், "இன்னா சார், தாளம் போட்டுக்கினு இருக்கீங்க?" என்பார்.

இந்த ஆண்டு சுரங்கம் மூடிவிட்டது. அடுத்து நான் ஓய்வுபெற்றேன். ஷிப்டுச் சங்கு நின்றுவிட்டதால் என் கடிகாரம் சரியா என்று பார்க்க வழியில்லை. நாலு நிமிடம் வேகமாக ஓடுகிறது என்று ஒரு சந்தேகம். இரண்டாயிரம் சொல்லுக்கும் மேலே போயிருக்கும், முடிக்க வேண்டும்.

ஒன்று மட்டும் என்னை விடவில்லை. அந்தப் பதினொரு நொடியில் அந்தோணி என்ன சொன்னார்? கிட்டத்தட்ட இரண்டாயிரம் பேச்சு எடுத்திருக்கிறேன். தொட்டிலும் தாயும் துண்டும் எல்லாம் எங்கோ அலமாரியில் இருக்கின்றன. எனக்கு வேண்டிய ஒரு வரி மட்டும் இல்லை. கூட்டத்தில் இருந்த ஒன்பது பேரைக் கேட்டேன். அஞ்சு பேர், அவர் ஒன்றும் சொல்லவில்லை என்றார்கள். நாலு பேர் நாலு வரி சொன்னார்கள்.

பெங்களூரில் இருக்கும் மகளைப் பார்க்க மாரிக்குப்பத்தில் காலை ரயில் ஏறினேன். ஊரிகத்தில் அந்தோணி ஏறினார். வாட்ச்மேன் சீருடை, கையில் சோற்றுத் தூக்கு. பெங்களூரில் ஏதோ அடுக்குமாடி வீட்டு வாசலில் வேலையாம். உட்கார இடமில்லை, மேலே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். நலம் விசாரித்த பிறகு கேட்டேவிட்டேன்.

"அன்னிக்கி தட்டினதுக்கு அப்புறம் ஒண்ணு சொன்னீங்களே அந்தோணி. நான் எழுதாம வுட்டுட்டேன். இன்னா அது?"

"எது சார்?"

"எல்லாரும் கைய தூக்கினப்போ. உங்க வாய் அசைஞ்சுது."

"அதுவா!" சிரித்தார். "சொல்லத்தான் சார் வாய தொறந்தேன். நல்ல வரி ஒண்ணு, எம் பொண்ணு எழுதிக் குடுத்தா. மூணு நாளா மனப்பாடம் பண்ணி வச்சிருந்தேன். தொறந்து பார்த்தா, எதிர்ல நீங்க கண்ண மூடிக்கினு, பென்சிலோட கைய தூக்கிக்கினு குந்தினு கீறீங்க. சர்க்காரு கையே மேல போயிடுச்சு, இதுக்கு மேல நாம இன்னாத்த பேசறதுன்னு அப்டியே வுட்டுட்டேன்."

"அந்த வரி?"

"மறந்தே பூட்ச்சு சார்."

"பொண்ணுக்கு நெனப்பிருக்குமா?"

"கேட்டேன். அவளுக்கும் இல்லியாம்."

கோரமண்டலில் கூட்டம் ஏறி எங்களைப் பிரித்துவிட்டது.

ஆகவே என் பதிவில் எதுவும் விட்டுப்போகவில்லை. முழுமையானது என்று இப்போது கையெழுத்திடலாம். நிம்மதி வரவேண்டும். வரவில்லை. இப்போதெல்லாம் மகளை அடிக்கடி பார்க்கப் போகிறேன். "போன மாசம் நாலு தபா போய்ட்டு வந்தீங்க. அவளுக்கே போரடிச்சிருக்கும்" என்கிறாள் மனைவி. சட்டைப் பையில் இரு முனையும் சீவிய பென்சில் ஒன்று வைத்துக்கொள்கிறேன். ஊரிகத்தில் அந்தோணி ஏறுகிறார். நான் கேட்பதற்கு முன்னாலேயே தலையை ஆட்டுகிறார்.

"இன்னும் வரல சார்."